தாவர ஆர்வலர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

ஆண்டு முழுக்க ஒரே பேரினத்தைப் பார்ப்பது என்று சென்ற பொதுக்குழுவில் முடிவானது. கை தூக்கச் சொன்னபோது ஆர்க்கிட் தோற்று, கோரை வென்றது. அதாவது, 1753-இல் லின்னேயஸ் பெயரிட்ட சைபீரஸ். நான் ஆர்க்கிட் கட்சி; இப்போது மாறிவிட்டேன்.

முதல் கூட்டத்திலேயே குட்டு வெளிப்பட்டது. 'புல்' என்று எழுதிக் கட்டி வைத்திருந்த உலர்தாவரத் தாள்களைப் பிரித்தால் பலவும் கோரை. சிலவற்றில் என் கையெழுத்து. தண்டை விரல்களுக்கிடையே உருட்டியிருந்தாலே தெரிந்திருக்கும்: மூன்று விளிம்பும் விரலில் தட்டும். புல்லில் இருப்பதுபோல் தண்டில் கணு கிடையாது. இலைகள் மூன்று வரிசை, இலையுறை மூடிய குழல். சரி, விதி கிடைத்தது என்று நிமிர்ந்தால் சைபீரஸ் ஆர்டிகுலேடஸ் உருண்டைத் தண்டோடு வந்து நிற்கிறது!

ஆகவே நம்பவேண்டியது சிறுகதிரை, அதாவது பூக்கள் அடங்கிய சின்னக் கதிரை. தட்டையாக, செதில்கள் இரண்டு வரிசையில் சடை பின்னியதுபோல் அடுக்கியிருக்கும். ஊசியால் ஒரு செதிலை விலக்கி லென்ஸில் பார்த்தோம். இதழ் என்று எதுவும் இல்லை. பூவின் பெண் உறுப்பின் நுனியான சூலகமுடி மூன்றாகப் பிரிந்தால் காய் முப்பட்டை, இரண்டாகப் பிரிந்தால் தட்டை. பல சிற்றினங்களைப் பிரித்தறிய இது உதவியது.

வாழிடம் பற்றி எங்களுக்கிருந்த 'கோரை என்றால் ஈரம்' என்ற எண்ணமும் தகர்ந்தது. சைபீரஸின் சிற்றினங்களில் பாப்பிரஸ் நீரில் மிதக்கும் திட்டாகவே படர்ந்து 4, 5 மீட்டர் உயரும். டிஃபார்மிஸ் நெல்வயலை விடாது. ஆனால் அரினேரியஸ் கடற்கரை மணலில் ஊர்கிறது, லேவிகேடஸ் உப்பு நீரையும் தாங்குகிறது. ரொட்டண்டஸுக்கோ இடமே பொருட்டில்லை.

ரொட்டண்டஸால் சங்கத்துக்கு ஒரு நஷ்டமும் உண்டு. பார்த்துப் பழகத் தொட்டியில் வளர்த்தோம். கவிழ்த்தபோது கிழங்குகள் நூலில் கோத்த மணிகளாக வந்தன. எஸ்குலெண்டஸில் இப்படிச் சங்கிலி இராது. ஒவ்வொரு கிழங்கும் தனித்தனியே வேர்த்தண்டின் நுனியில் இருக்கும். அன்று அருமையான பாடம். ஆனால் அப்புறம் யாரோ அந்த மண்ணைத் தோட்டப் பாத்தியில் கொட்டிவிட்டார்கள். பிடுங்கினால் செடிதான் கையோடு வருகிறது. சங்கிலி அறுந்ததும் உறங்கிக் கிடந்த கிழங்குகள் முளைக்கின்றன.

முன்பு தனிப் பேரினமாக இருந்த கில்லிங்காவைச் சைபீரஸோடு சேர்த்துவிட்ட புதிய வகைப்பாட்டின்படி நம் உலர்தாவரத் தாள்களின் பெயர்ச் சீட்டுகளைத் திருத்துவதா என்பதில் கருத்து வேறுபாடு நீடிக்கிறது. பழைய பெயரை அடிக்காமல் புதியதைக் கீழே எழுதலாம் என்பது என் யோசனை. தீர்மானமாக முன்வைக்கிறேன்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

வரும் ஞாயிறு காலை அந்தப் பாத்தியைத் தோண்டிச் சலிக்க ஆள் வேண்டும். சங்கத்தில் மண்வெட்டி ஒன்றுதான் இருக்கிறது. வைத்திருப்பவர்கள் கொண்டு வரவும்.

இங்ஙனம்,
செயலாளர்