எண் இல்லாத கன்டெய்னர் விளம்பரத்தை ஏற்காதீர்கள்

பழைய பொருள்களை விற்க இடம் தரும் இணையச் சந்தைகளை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

உங்கள் தளங்களில் கப்பல் கன்டெய்னர் விற்க ஒரு படம், ஒரு விலை, ஒரு தொலைபேசி எண் இருந்தால் போதும். மோசடிக்காரர்களுக்கும் இவை போதுமானவையாக இருக்கின்றன. படத்தை எங்கிருந்தோ எடுத்துக்கொள்கிறார்கள். விலையைச் சந்தை நிலவரத்தில் பாதியாகப் போடுகிறார்கள், முன்பணம் வந்ததும் மறைந்துவிடுகிறார்கள். பழைய கன்டெய்னர்களைச் சோதித்துத் தரம் பிரிக்கும் தொழிலில் இருக்கும் நாங்கள் உங்களிடம் முதலில் கேட்பது, விளம்பரப் படிவத்தில் ஒரு கட்டத்தைக் கூட்டுங்கள் என்பதே. கன்டெய்னர் எண்ணுக்கான கட்டம்.

கடலில் ஓடும் ஒவ்வொரு பெட்டிக்கும் பதினொரு இட அடையாளம் உண்டு. முதல் மூன்று எழுத்துகள் உரிமையாளரைக் குறிக்கும். நான்காவது, சரக்குப் பெட்டி என்றால் 'யூ'. பிறகு ஆறு இலக்க வரிசை எண். கடைசியில் தனிக் கட்டத்துக்குள் ஒரு சரிபார்ப்பு இலக்கம். உரிமையாளர் எழுத்துகளைப் பாரிசிலுள்ள சர்வதேச கன்டெய்னர் அமைப்பு பதிவு செய்கிறது. அந்தப் பட்டியலில் யாரும் தேடிப் பார்க்கலாம்.

சரிபார்ப்பு இலக்கத்தைக் கணக்கிடும் முறை இது. 'ஏ'க்கு 10, 'பி'க்கு 12 என எழுத்துகளுக்கு மதிப்பு தர வேண்டும். 11, 22, 33 மூன்றையும் தாண்டிவிட வேண்டும். அப்படிப் போனால் 'இசட்' 38. முதல் இடத்தை 1ஆல், அடுத்ததை 2ஆல், பிறகு 4, 8 என இரட்டித்துக்கொண்டே பத்தாம் இடத்தை 512ஆல் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி 11ஆல் வகுக்க வேண்டும். மீதிதான் கடைசி இலக்கம். மீதி 10 வந்தால் 0. சி-எஸ்-க்யூ-யூ 305438 என்ற எண்ணுக்குக் கூட்டுத்தொகை 6185, மீதி 3. மனம்போனபடி அடித்த எண்களில் பெரும்பாலானவை இங்கேயே விழுந்துவிடும். உங்கள் நிரலாளருக்கு இது அரைமணி வேலைகூட இல்லை.

படத்திலிருந்து உண்மையான எண்ணையே திருடிப் போட முடியாதா என்று கேட்பீர்கள். முடியும். அதனால் இரண்டாவது கட்டமும் தேவை: சி.எஸ்.சி. எனப்படும் பாதுகாப்புத் தகட்டின் கிட்டப் படம், அதே சட்டகத்துக்குள் உங்கள் விளம்பர எண்ணைக் கையால் எழுதிய தாள். 1972ஆம் ஆண்டின் பாதுகாப்பு உடன்படிக்கைப்படி பொருத்தப்படும் இந்தத் தகடு பெரும்பாலும் கதவில் இருக்கும். உற்பத்தி மாதம், ஆண்டு, அதிகபட்ச மொத்த எடை, மேலே எவ்வளவு சுமை அடுக்கலாம் என்பவை அதில் பொறிக்கப்பட்டிருக்கும். "ஒரே ஒரு பயணம் போன புதுப் பெட்டி" என்ற விளம்பரத்துக்குக் கீழே எட்டு வருடப் பழைய தேதி தெரிந்தால் மேற்கொண்டு பேச ஒன்றும் இல்லை.

ஒரு நுணுக்கம். கப்பல் நிறுவனங்கள் பெட்டியைக் கழித்துவிடும்போது தங்கள் பெயரையும் எழுத்துகளையும் அழிக்கச் சொல்வது வழக்கம். ஆகவே எண் அழிந்த பெட்டி என்பதாலேயே திருட்டுப் பெட்டி ஆகிவிடாது. அப்படிப்பட்டதற்குத் தகட்டிலுள்ள உற்பத்தியாளர் எண்ணைக் கேளுங்கள். எண்ணும் இல்லை, தகடும் இல்லை என்றால் விளம்பரமும் வேண்டாம். நூற்றுக்கணக்கில் இருப்பு வைத்திருக்கும் பெரிய விற்பனையாளருக்கு வேறு சிக்கல்: டிப்போவில் அடுக்கின் மேலே இருப்பதைத்தான் இறக்கித் தருவார்கள், எந்த எண் வரும் என்று அவருக்கே முன்கூட்டித் தெரியாது. அவர்களுக்கு விலக்கு தரலாம். ஆனால் முழுப் பணம் வாங்குமுன் ரசீதில் எண் ஏறியாக வேண்டும்.

தரம் பற்றிய சொற்களையும் உங்கள் படிவம் ஒழுங்குபடுத்த வேண்டும். 'நல்ல நிலை' என்பதற்கு இந்தத் தொழிலில் பொருளே கிடையாது. சரக்கு ஏற்றத் தகுதியானது என்றால் மறுபடி கப்பலில் அனுப்பலாம், தகட்டுச் சோதனையும் நடப்பில் இருக்க வேண்டும். காற்றும் நீரும் புகாதது என்றால் பொருள் வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். உள்ளது உள்ளபடி என்றால் ஓட்டை இருக்கலாம் என்று பொருள். சேமிப்பறையாகப் பயன்படுத்துபவர் முதல் தரத்துக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் மூன்றாவது தரத்துக்கு இரண்டாவதன் விலையை வாங்குவதுதான், மோசடி என்று யாரும் அழைக்காத மோசடி.

நேரில் பார்க்கப் போகிறவர்களுக்காக உங்கள் தளத்தில் ஒரு பக்கம் ஒதுக்கினால் அதில் இவற்றைச் சேருங்கள். உள்ளே போய், வெளியே ஓர் ஆளை நிறுத்திக் கதவுகளை மூடச் சொல்லி, கண் இருட்டுக்குப் பழகும்வரை காத்திருக்க வேண்டும். ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தாலும் அந்த வழியாக மழை வரும். கூரையில் பள்ளம் இருந்தால் தண்ணீர் தேங்கி அங்கேதான் முதலில் அரிக்கும். ஏணி இல்லாமல் இது தெரியாது. சுவரின் மேல்துருவைப் பார்த்து மிரள வேண்டாம், அந்த எஃகு மேற்பரப்பில் துருப் பிடித்தாலும் எளிதில் ஓட்டையாகாது. பயப்பட வேண்டியது அடியில்: தரையைத் தாங்கும் குறுக்குச் சட்டங்களும் நீளவாட்டு அடிச்சட்டமும் இலை இலையாக உரிந்தால் தூக்கும்போதே பெட்டியின் தரை பெயர்ந்து விழலாம். புதிதாகப் பூசிய தார் அங்கே இருந்தால் ஒரு சுத்தியலால் தட்டிப் பாருங்கள்.

கதவு இறுகினால் உடனே பெட்டி கோணல் என்று முடிவு கட்டக் கூடாது. சமமில்லாத தரையில் நின்றாலும் இறுகும். கதவு வாயின் இரு மூலைவிட்டங்களையும் டேப்பால் அளந்து, பெட்டியைச் சமப்படுத்திய பிறகும் விரற்கடை அளவுக்கு வேறுபட்டால் சட்டமே முறுக்கியிருக்கிறது. கதவு ரப்பரை மாற்றலாம், முறுக்கை எளிதில் நிமிர்த்த முடியாது. தரைப் பலகை பொதுவாக 28 மி.மீ. பிளைவுட், பூச்சிமருந்து ஊட்டப்பட்டது. உள்ளே வசிக்க நினைப்பவர் அதையும், முன்பு ஏற்றிய சரக்கின் நெடியையும் கவனிக்க வேண்டும்.

பணப் பரிமாற்றத்தில்தான் மோசடி வெளிப்படும். உண்மையான நிறுவனத்தின் பெயரையும் பதிவு எண்ணையும் முகவரியையும் அப்படியே நகலெடுத்து, வங்கிக் கணக்கை மட்டும் வேறொரு பெயரில் தருவார்கள். எவ்வளவு தொலைவானாலும் இலவசமாகக் கொண்டுவந்து தருவதாகச் சொல்வார்கள். காலியாகவே இரண்டேகால் டன் எடையுள்ள 20 அடிப் பெட்டியை லாரியில் கொண்டுவரும் செலவு சிறியதல்ல. பணம் போன பிறகு "திருப்பித் தரப்படும் காப்பீட்டுத் தொகை" என்று இன்னொன்று கேட்பார்கள். நேர்மையான வியாபாரத்தில் பெட்டி எந்த டிப்போவில் நிற்கிறது என்று சொல்வார்கள், பார்க்க விடுவார்கள், பணம் சேர்ந்ததும் டிப்போவிலிருந்து பெட்டியை எடுத்துச் செல்ல வாங்குபவர் பெயரில் விடுவிப்பு எண் தருவார்கள். டிப்போவின் தொலைபேசி எண்ணை விற்பவரிடம் வாங்காமல் தானே தேடி அழைப்பது நல்லது. சுங்கம் தீர்ந்ததா என்பதற்கும் தாள் கேட்க வேண்டும்: தற்காலிகமாக நாட்டுக்குள் வந்த பெட்டியை வரி கட்டாமல் உள்ளூரில் விற்றால் பின்னால் மாட்டிக்கொள்வது வாங்கியவர்தான்.

கடைசியாக உங்கள் புகார் பொத்தானைப் பற்றி. விளம்பரத்தை நீக்குவதோடு உங்கள் வேலை முடிவதில்லை. நீக்கும்போது அந்தக் கணக்கின் உரையாடல்கள், படங்கள், வங்கி விவரங்கள் எல்லாம் சேர்ந்து மறைந்துவிட்டால், பணம் இழந்தவர் காவல்துறையிடம் வெறுங்கையோடு நிற்க வேண்டியிருக்கிறது. அவற்றைத் தனியே பத்திரப்படுத்துங்கள். வங்கி ஒரு பரிமாற்றத்தை நிறுத்தி வைக்க முடிவது பெரும்பாலும் முதல் சில மணி நேரத்துக்குள்தான். ஆகவே பண இழப்புப் புகார்களுக்கு இரவிலும் விடுமுறையிலும் பதில் சொல்ல ஆள் வையுங்கள். அதே கன்டெய்னர் எண்ணையோ வங்கிக் கணக்கையோ காட்டிய மற்ற விளம்பரங்களையும் அப்போதே நிறுத்துங்கள்.

இப்படிக்கு,
பழைய கன்டெய்னர்களைச் சோதிப்போர் சிலர்