டெப்ளாய்மென்ட் மேனேஜர் திணறுவது ஏன்? டர்பன் நண்பனுக்கு ஒரு கடிதம்

எபேன், மொரிஷியஸ்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே அனைவரும் நலம். தைப்பூசக் காவடிக்கு இந்நாட்டில் அரசு விடுமுறை உண்டு என்றாலும், மாத இறுதி வேலை நெருங்கியிருந்ததால் எங்கள் பிரிவில் சிலர் விரதத்தோடே இரவுப் பணியும் பார்த்தார்கள்.

டர்பனில் இருக்கும் உங்கள் வெப்ஸ்பியர் செல்லில் (ஒரே நிர்வாகத்தின் கீழ் இருக்கும் ஐபிஎம் பயன்பாட்டுச் சர்வர்களின் தொகுப்பில்) நிர்வாகக் கன்சோல் நகர மறுக்கிறது, ஸ்கிரிப்ட் ஓடி முடியப் பொழுது விடிந்துவிடுகிறது, ஆகவே செல் முழுவதையும் நிர்வகிக்கும் மென்பொருளான டெப்ளாய்மென்ட் மேனேஜருக்குப் பெரிய இயந்திரம் வாங்கப் போகிறோம் என்று எழுதியிருந்தாய். கொஞ்சம் பொறு. பயனரின் கோரிக்கை எதுவும் அந்த மேனேஜர் வழியாகப் போவதில்லை. அது நின்றுபோனாலும் பயன்பாடுகள் ஓடிக்கொண்டுதான் இருக்கும். அதை வாட்டுவது நிர்வாகப் பேச்சு மட்டுமே. அந்தப் பேச்சைக் குறைக்காமல் இயந்திரத்தைப் பெரிதாக்குவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

உங்கள் இரவுக் குழு எபேனில் உட்கார்ந்து, தங்கள் கணினியிலேயே டபிள்யூஎஸ்அட்மினை (வெப்ஸ்பியரின் நிர்வாக ஸ்கிரிப்ட்களை ஓட்டும் கருவியை) இயக்கி டர்பனோடு இணைவதாகச் சொன்னாய். நான் முதலில் கை வைக்கும் இடம் அதுதான். 2002இல் வந்த சேஃப் கடலடிக் கேபிளோ 2021இல் வந்த மெட்டிஸ் கேபிளோ, எதன் வழியாகப் போனாலும் இடையில் ஏறக்குறைய 3,000 கிலோமீட்டர் கடல் இருக்கிறது; கண்ணாடி இழைக்குள் ஒளி போய்வரவே சுமார் 30 மில்லி விநாடி ஆகும். இணைப்பில் இருக்கும் ஸ்கிரிப்ட் ஒரு பண்பைப் படித்தாலும் மாற்றினாலும் அது தனியாக ஒரு பயணம். 300 சர்வர், சர்வருக்கு 40 அழைப்பு என்று வைத்துக்கொண்டால் 12,000 பயணம்; ஒரு வேலையும் நடக்காமல் வழியிலேயே 6 நிமிடம் போய்விடும். அதே ஸ்கிரிப்டை டெப்ளாய்மென்ட் மேனேஜர் இருக்கும் இயந்திரத்திலேயே ஓட்டினால் இந்தச் செலவு ஏறக்குறைய மறைந்துவிடும்.

அடுத்தது ஸ்கிரிப்டின் அமைப்பு. ஷெல் சுழற்சிக்குள் ஒவ்வொரு சர்வருக்கும் டபிள்யூஎஸ்அட்மினைப் புதிதாகத் தொடங்குவது நம்மவர்களின் பழைய வழக்கம். ஒவ்வொரு முறையும் ஒரு ஜாவா மெய்நிகர் இயந்திரம் எழுந்து, இணைந்து, உள்நுழைந்து, பிறகுதான் ஒரு வரி வேலை செய்யும். ஜைத்தானில் (ஜாவா மேல் ஓடும் பைத்தானில்) ஒரே ஸ்கிரிப்டாக எழுதி ஒருமுறை தொடங்கினால் போதும். சர்வர் பட்டியலைச் சுழற்சிக்கு வெளியே ஒருமுறை எடுத்து மாறியில் வைத்துக்கொள்ளச் சொல். இயங்கும் சர்வரின் நிலையைக் கேட்கும்போது வெறும் நட்சத்திரக் குறியோடு தேடினால் கேள்வி செல் முழுவதும் பரவி, பதில் தராத நோட் (சர்வர்கள் ஓடும் இயந்திரம்) ஒன்றிருந்தால் அதற்காகவும் காத்துக் கிடக்கும். நோட் பெயரையும் ப்ராசஸ் (அதாவது சர்வர்) பெயரையும் சேர்த்துக் கொடுத்தால் நேரே உரிய இடத்துக்குப் போகும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் சேவ் போடாமல், கிளஸ்டருக்கு (ஒரே பயன்பாட்டை ஓட்டும் சர்வர் குழுவுக்கு) ஒருமுறை போடுவது என் வழக்கம். எல்லாவற்றையும் கடைசியில் ஒரேயடியாகச் சேமிப்பதும் எனக்குப் பிடிக்காது, ஏனென்றால் இடையில் வேறொருவர் அதே கோப்பை மாற்றியிருந்தால் மோதல் வரும்.

சிங்க், அதாவது மேனேஜரில் உள்ள அமைப்புகளை நோட்களுக்கு நகலெடுக்கும் ஒத்திசைவு, பற்றிக் கேட்டிருந்தாய். தானியங்கி ஒத்திசைவின் இயல்பு இடைவெளி 1 நிமிடம். 60 நோட் இருந்தால் அவற்றில் மேனேஜரோடு பேசும் 60 நோட் ஏஜென்ட்களும் நிமிடத்துக்கு ஒருமுறை மேனேஜரின் கதவைத் தட்டும். இடைவெளியை நீட்டலாம், உற்பத்திச் சூழலில் நான் அதை அணைத்துவிட்டு, மாற்றம் முடிந்தபின் சில நோட்களாகப் பிரித்து நானே ஒத்திசைக்கிறேன். பெரிய ஈஏஆர் கோப்பை (பயன்பாட்டுத் தொகுப்பை) எல்லா நோட்களுக்கும் ஒரே நேரத்தில் தள்ளினால் மேனேஜர் மூச்சு முட்டத்தான் செய்யும்.

இன்னொன்றையும் கவனி. டபிள்யூஎஸ்அட்மின் மேனேஜரோடு பேசும் சோப் இணைப்பியின் இயல்புக் காத்திருப்பு 180 விநாடி. அது கடந்ததும் திரையில் பிழை வரும், ஆனால் மேனேஜருக்குள் வேலை நின்றிருக்காது. பிழையைப் பார்த்தவர் அதே கட்டளையை மறுபடி கொடுக்க, சுமை இரட்டிப்பாகும். காத்திருப்பு நேரத்தைக் கூட்டு. மறுபடி ஓட்டுமுன் மேனேஜரின் லாக்கைப் பார்க்கச் சொல்.

கோர் குரூப்பை (ஒன்றையொன்று உயிரோடிருக்கிறதா என்று கண்காணிக்கும் ப்ராசஸ்களின் குழுவை) பிரிப்பதை அவசரமில்லாமல் செய்யலாம், ஆனால் செய்யத்தான் வேண்டும். அதில் ஒவ்வொரு ப்ராசஸும் மற்ற எல்லாவற்றோடும் தொடர்பு வைத்திருப்பதால், 100 உறுப்பினர் இருந்தால் 4,950 இணைகள். ஐம்பது ஐம்பதாக இரண்டாகப் பிரித்தால் மொத்தம் 2,450தான்.

இவ்வளவுக்குப் பிறகும் திணறினால் மேனேஜரின் ஹீப் (ஜாவா நினைவகம்) அளவைப் பார்ப்போம். பல இடங்களில் நிறுவியபோது இருந்த அளவையே விட்டுவிடுகிறார்கள். மேனேஜரில் விரிவான ஜிசி (பயன்படாத நினைவகத்தை விடுவிக்கும் வேலை) பதிவை ஒரு வாரம் இயக்கி, அந்தக் கோப்பையும் இரவுக் குழுவின் முதன்மை ஸ்கிரிப்டையும், கடவுச்சொற்களை நீக்கிவிட்டு, எனக்கு அனுப்பு. இப்போது புயல் காலம். மூன்றாம் எச்சரிக்கை வந்தால் நாங்கள் அலுவலகத்தை அடைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவோம் என்பதால், பதில் இரண்டொரு நாள் தாமதமாகலாம்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்