துணி எந்த ஊர் என்று பில்லில் எழுதினால் என்ன?

ஆசிரியருக்கு வணக்கம்.

உள்நாட்டுத் துணி பற்றிப் போன வாரம் வந்த கட்டுரையில், வாங்குகிறவர்கள் விலையைத்தான் பார்க்கிறார்கள், எங்கே செய்தது என்று யாரும் கேட்பதில்லை என்று எழுதியிருந்தீர்கள். கேட்கிறார்கள் சார். பதில் சொல்லத்தான் ஆளில்லை.

நான் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் சின்னதாக ஒரு தையல் யூனிட் நடத்துகிறேன். பை, குர்தா, குஷன் உறை தைத்து, இங்கே பிரெஞ்சுக்காரர் காலத்துப் பகுதியான ஒயிட் டவுன் கடைகளுக்குக் கொடுக்கிறோம். அங்கே வருகிற வெளிநாட்டுக்காரர்கள் மட்டுமில்லை, சென்னையிலிருந்து வரும் பிள்ளைகளும் பருத்தி எங்கே விளைந்தது, சாயம் எங்கே போட்டது என்று கேட்கிறார்களாம். கடைக்காரர் என்னைக் கேட்கிறார், நான் மொத்த வியாபாரியைக் கேட்கிறேன், அவர் "ஈரோடு சரக்கும்மா" என்கிறார். ஈரோடு என்பது சந்தை, எல்லா ஊர்த் துணியும் அங்கேதான் வந்து இறங்குகிறது. பஞ்சு குஜராத்தாக இருக்கலாம், கோயம்புத்தூர் பக்கம் நூற்று, பள்ளிபாளையத்தில் நெய்து, சாயம் வேறெங்கோ ஏறியிருக்கலாம். என் கைக்கு வரும் பில்லில் மீட்டர், விலை, ஜிஎஸ்டி, அவ்வளவுதான். ஜிப், எலாஸ்டிக் கதை இன்னும் மோசம். பெட்டியில் சீன எழுத்து இருந்தால் தெரியும், பிரித்துக் கட்டி வந்தால் அதுவும் போச்சு.

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். இறக்குமதி செய்த ஆயத்த ஆடையில் நாட்டின் பெயர் போட வேண்டும், சரி. வெளிநாட்டுத் துணியை வாங்கி இங்கே தைத்தால்? 'மேட் இன் இந்தியா' லேபிளைப் பார்த்துத் துணி எங்கே நெய்தது என்று யாராலும் சொல்ல முடியாது. 2006இல் வந்த கைத்தறி முத்திரையும் கையால் நெய்தது என்று மட்டும்தான் சொல்கிறது, நூல் எங்கிருந்து வந்தது என்று சொல்லாது. லுங்கி கைத்தறிக்கு ஒதுக்கிய ரகங்களில் ஒன்று, விசைத்தறியில் நெய்யக் கூடாது என்று 1985இலேயே சட்டம் போட்டாயிற்று. ஆனாலும் விசைத்தறியில் ஓட்டியதை, கைத்தறி லுங்கிக்குப் பேர்போன குறிஞ்சிப்பாடி கைலி என்று ஒருவர் நீட்டினால் வாங்குகிறவர் எதை வைத்துக் கண்டுபிடிப்பார்?

இந்த ஊருக்கு இதெல்லாம் புதிதும் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் இங்கிருந்து செனகல் பக்கம் 'கினே' என்ற நீலத்துணி போனது. அதே மாதிரி ஐரோப்பாவில் நெய்து அனுப்பியபோதும், முகர்ந்தும் தொட்டும் பார்த்தே புதுச்சேரித் துணியைப் பிரித்தெடுத்தார்களாம் அந்த ஜனங்கள். அப்புறம் 1898இல் ரோடியர் மில் வந்து, பிற்பாடு ஏ.எஃப்.டி. (ஆங்கிலோ-பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ்) ஆகி, 2020இல் அதுவும் மூடியாயிற்று. உள்ளூர் மில் ஓடியவரை எங்கே நெய்தது என்று யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

நான் கேட்பது பெரிய விஷயமில்லை. நூற்றது எங்கே, நெய்தது எங்கே, சாயம் போட்டது எங்கே, இந்த மூன்றும் பில்லில் இருக்க வேண்டும். இந்தியப் பருத்திக்கான கஸ்தூரி காட்டன் என்ற பிராண்டில், பஞ்சிலிருந்து கொட்டை பிரிக்கும் ஜின்னிங் ஆலையிலேயே பேலுக்குப் பேல் (பஞ்சுப் பொதிக்குப் பொதி) கியூஆர் குறி ஒட்டித் தடம் வைக்கிறார்கள். அதைச் செய்ய முடிகிறவர்களுக்கு மூன்று ஊர்ப் பெயர் எழுதுவது கஷ்டமா? மொத்த வியாபாரிகளுக்கு ஒரு பயம் இருக்கிறது, ஊரைச் சொன்னால் நாங்கள் நேரே தறிக்காரரிடம் போய்விடுவோம் என்று. நியாயமான பயம்தான், அவர் பிழைப்பு அதில் இருக்கிறது. அப்படியானால் ஆள் பெயர் வேண்டாம், ஊர் மட்டும் போதும். வெளிநாட்டுச் சரக்கே கூடாது என்றும் நான் சொல்லவில்லை, லைனிங் சீனாவிலிருந்து வந்தால் சீனா என்று எழுதுங்கள், வாங்குகிறவர் முடிவு செய்துகொள்ளட்டும்.

ஊர்ப் பெயரோடு வரும் துணிக்கு மீட்டருக்கு இரண்டு மூன்று ரூபாய் கூடக் கொடுக்க நான் தயார். உங்கள் நிருபர் யாராவது ஈரோட்டுக்கும் சூரத்துக்கும் போய், இதை ஏன் எழுதித் தருவதில்லை என்று மொத்தக் கடைகளில் கேட்டுப் போட முடியுமா?

இப்படிக்கு,
ஒரு வாசகி,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி