பீன்ஸும் புதைமணலும்

அன்புள்ள மணிக்கு,

எட்டு மாதமாகப் பதில் போடவில்லை. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, இப்போது என் சட்டையில் இருக்கிற கறை எல்லாம் அவள் கண்ணில் படுகிறது. பாலு இன்னும் குடையைத் தரவில்லை. வேறு விசேஷம் ஒன்றும் இல்லை.

எழுத உட்கார்ந்த காரணம் வேறு. ‘பார்டா பார்டா’ என்று காலேஜ் நாளிலிருந்து உயிரை வாங்கினாயே, பிளேசிங் சாடில்ஸ், மெல் புரூக்ஸ் வெஸ்டர்ன் படங்களைக் கிண்டல் செய்து எடுத்த காமெடி, அதைப் போன ஞாயிறு ஒருவழியாகப் பார்த்தேன். ஹாஸ்டலில் நீ போட்டுக் காட்டியபோது குசுக் காட்சிக்கு முன்பே நான் குறட்டை விட்டதாக இன்றுவரை ஊரெல்லாம் சொல்கிறாய், இந்த முறை தூங்கவில்லை. எத்தனை வெஸ்டர்ன் படத்தில் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து பீன்ஸ் தின்றிருக்கிறார்கள், ஒருத்தனும் விட்டதில்லை என்பதல்லவா அதிசயம்! அதைக் கேட்க 1974-இல் மெல் புரூக்ஸ் வர வேண்டியிருந்தது.

ஆனால் மண்டையைக் குடைவது அது இல்லை. ரயில் பாதை போடும் இடத்தில் கறுப்பினத் தொழிலாளி பார்ட்டும் அவன் கூட்டாளியும் டிராலியோடு புதைமணலில் மாட்டுகிறார்களே, அப்போது மேலே நிற்கிற வெள்ளைக்காரர்கள் நானூறு டாலர் டிராலி போகிறதே என்று பதறி, கயிறு வீசி, டிராலியை மட்டும் இழுத்துக்கொண்டு போகிறார்கள். ஆள் இரண்டும் மூழ்கிக்கொண்டிருக்கிறது. நான் வாய்விட்டுச் சிரிக்கிறேன், பக்கத்தில் மகள் சிரிக்கவே இல்லை. “கறுப்பர்களைக் கேவலப்படுத்துகிற அந்த வார்த்தையை இத்தனை தடவை சொல்கிறார்களே, எதற்குப்பா சிரிக்கிறாய்?” என்றாள்.

நானும் விடவில்லை. திரைக்கதை எழுதியவர்களில் ரிச்சர்ட் பிரையர் ஒருவர், கறுப்பினக் கலைஞர், பார்ட்டாக அவரையே நடிக்க வைக்க புரூக்ஸ் ஆசைப்பட்டும் ஸ்டூடியோ ஒத்துக்கொள்ளாததால்தான் கிளீவன் லிட்டில் வந்தார், அந்த வார்த்தையைச் சொல்கிற வெள்ளைக்காரன் ஒவ்வொருத்தனும் அடிமுட்டாள் என்று வக்கீல் மாதிரி அடுக்கினேன். “சரி, முட்டாளைப் பார்த்துச் சிரிக்காமல் அந்த வார்த்தைக்கே சிரித்தவனும் தியேட்டரில் இருந்திருப்பானே?” என்றாள். எனக்கு வாயடைத்துவிட்டது, மணி. உண்மையாகவே.

பிற்பாடு ஒரு ஊருக்கு ஷெரீஃபாக, அதாவது போலீஸ் அதிகாரியாக வருகிற பார்ட் தன் தலையிலேயே துப்பாக்கியை வைத்துத் தன்னையே பணயக்கைதியாகப் பிடித்துக்கொள்ள, ஊரே அதை நம்பி நடுங்குகிறதே, அதற்கு அவள் உருண்டு சிரித்தாள். அப்புறம் அந்தக் கிழவி. பட்டப்பகலில் நடுத்தெருவில் ஷெரீஃபைக் கேவலமாகத் திட்டியவள், மாங்கோ என்கிற முரட்டு ரவுடியை அவன் மடக்கியதும் ராத்திரியில் நன்றியோடு ஒரு பை கொண்டுவந்து கொடுக்கிறாள் (துணிப்பை இல்லைடா, தின்கிற பை). கொடுத்துவிட்டு, நான் உன்னோடு பேசியதை யாரிடமும் சொல்லிவிடாதே என்கிறாள். அந்த இடத்தை மட்டும் மகள் திரும்பப் போடச் சொன்னாள். இரண்டாவது தடவை இரண்டு பேருமே சிரிக்கவில்லை. எனக்கென்னவோ அந்தப் படத்திலேயே பயங்கரமான ஆள் அந்தக் கிழவிதான் என்று படுகிறது. குதிரையைக் குத்தி விழுத்தாட்டுகிற மாங்கோகூட இல்லை.

இருபது தடவை பார்த்தவன் நீ. அவள் கேள்விக்கு உன்னிடம் பதில் இருக்கிறதா? இருந்தால் அவளுக்கே எழுது, என்னை நம்ப மாட்டாள். எட்டு மாதம் எடுத்துக்கொள்ளாதே, அது என் உரிமை.

உன்,
சேகர்

பி.கு.: டைட்டில் பாட்டைப் பாடிய ஃபிராங்கி லேனுக்கு அது காமெடிப் படம் என்றே தெரியாதாம், உருகி உருகிப் பாடியிருக்கிறார். உன் கல்யாணத்தில் பாலு பாடினானே, அப்படி.