மரம் அறுத்துக் கொடுத்த அண்ணனுக்கு நன்றி

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை. ரெயின்போ நகரில் தண்ணீர் வடிந்ததும், எங்கள் வாசலை அடைத்துக் கிடந்த வேப்பமரத்தை மெஷின் ரம்பத்தோடு வந்து அறுத்துக் கொடுத்தீர்கள் அண்ணா. பெயரும் சொல்லவில்லை, காசும் வாங்கவில்லை.

அதைவிடப் பெரிய உதவி அப்புறம் செய்தது. கிளைகள் ஒரு பக்கம், ஊறிப்போன மெத்தை, துணி இன்னொரு பக்கம், உடைந்த கண்ணாடி தனிச் சாக்கில் என்று தெருவோரமாகப் பிரித்து வைக்க வைத்தீர்கள். வாய்க்கால் மேலும் மின்கம்பத்தடியிலும் எதையும் குவிக்க விடவில்லை. கலந்து கிடந்தால் அள்ளுகிறவர்கள் கை கிழியும் என்றீர்களே, அந்த மனசு யாருக்கு வரும்! லாரி வந்ததும் மளமளவென்று ஏற்றிவிட்டார்கள்.

ரொம்ப நன்றி அண்ணா. ஒருநாள் வீட்டுக்குச் சாப்பிட வாருங்கள், அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறார்.