பானெட்டைத் திறந்து வையுங்கள்

நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் வடிவமைப்புப் பிரிவினருக்கு,

வணக்கம். உங்களிடம் இருக்கும் சிவப்பு சிசிட்டாலியா 202 என்ற இத்தாலிய ஸ்போர்ட்ஸ் கார் பற்றி ஒரு விண்ணப்பம். அடுத்த முறை காட்சிக்கு வைக்கும்போது அதன் பானெட்டைத் திறந்து வைப்பீர்களா?

1951-இல் நீங்கள் நடத்திய எட்டுக் கார்களின் கண்காட்சியிலேயே இந்த மாடல் இருந்தது. (அதே வரிசையில் ஒரு ஜீப்பையும் நிறுத்தினீர்களே, அந்தத் துணிச்சலுக்கு ஒரு சபாஷ்!) 1972-இல் ஒரு கார் உங்கள் சேகரிப்புக்கே வந்துவிட்டது. பினின் ஃபரினா பட்டறையில் கையால் தட்டி வளைத்த அலுமினிய உடம்பு, மட்கார்டுகளுக்குக் கீழே தாழ்ந்து போகும் பானெட். வருகிறவர்கள் அந்த வளைவுகளைத்தான் பார்க்கிறார்கள். பார்க்கட்டும், அழகுதான்.

ஆனால் உள்ளே இருப்பது ஃபியட் 1100 குடும்பக் காரின் எஞ்சின். 1,089 சிசி, சுமார் 55 குதிரைத்திறன். எங்கள் ஊரில் ஓடிய பிரீமியர் பத்மினியும் இதே வம்சம், இதே 1,089 சிசி. போர் முடிந்த டூரினில் சிசிட்டாலியா நிறுவனர் பியரோ டூசியோவுக்குக் கைக்கு எட்டிய எஞ்சின் அது. திறனை அதற்கு மேல் கூட்ட வழியில்லை என்றால் எடையைக் குறைக்க வேண்டியதுதானே? டாண்டே ஜாகோசா தொடங்கி ஜியோவன்னி சவோனுட்ஸி முடித்த வடிவமைப்பில், மெல்லிய எஃகுக் குழாய்களைப் பற்றவைத்துக் கூண்டு கட்டினார்கள். மொத்த எடை 800 கிலோவைத் தாண்டவில்லை. வேகமோ மணிக்கு 160 கிலோமீட்டரை ஒட்டிப் போனது.

இத்தாலியின் மில்லே மில்யா சாலைப் பந்தயத்தில், 1947-இல், 54 வயது பந்தய ஓட்டுநர் நுவோலாரி, நோயுற்ற உடம்போடு, இதன் திறந்த கூரை வடிவத்தை ஓட்டினார். முன்னணியில்தான் இருந்தார், மழை கெடுத்தது. எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் மேக்னெட்டோவில் தண்ணீர் புகுந்துவிட்டது. பியோண்டெட்டி ஓட்டிய 2.9 லிட்டர் ஆல்ஃபா ரோமியோ முந்திக்கொண்டது. இரண்டு, மூன்று, நான்காம் இடங்கள் மூன்றும் சிசிட்டாலியாவுக்கு!

சுமார் 170 கார்களோடு உற்பத்தி நின்றது. போர்ஷே குழுவிடம் கிராண்ட் பிரீ பந்தயக் கார் செய்யச் சொன்ன டூசியோ, அந்தச் செலவில் மூழ்கிப்போனார்.

பானெட்டைத் திறந்தால் அந்த வளைவு கெட்டுவிடும் என்பீர்கள். நியாயம். அப்படியானால் பக்கத்துச் சுவரில் அந்தக் குழாய்க் கூண்டின் வரைபடத்தையாவது மாட்டுங்கள். கீழே சவோனுட்ஸியின் பெயரையும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பழைய பத்மினிக்காரன்