ஊர்க்கூட்டத்தில் உட்காரும் பெரியவர்களுக்கு

பெரியப்பா, மாமா என்று நான் முறை வைத்துக் கூப்பிடுகிற எல்லோருக்கும் வணக்கம்.

குத்தாலம் பக்கத்தில் இருக்கிற நம் ஊரில் என் வீடும் தலைக்கட்டு வரி கட்டுகிற வீடுதான். ஆனால் கூட்டம் நடக்கும்போது பெண்கள் மண்டபத்தில் ஏறுவதில்லை, அதனால் எழுதுகிறேன்.

என் மகளுக்கு 16 வயது, பிளஸ் ஒன் படிக்கிறாள். போன மாதம் பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் சைக்கிள் செயின் கழன்றுவிட்டது. கூடப் படிக்கிற பையன் ஒருவன் வாய்க்கால் மதகு ஓரமாக நிறுத்தி மாட்டிக் கொடுத்திருக்கிறான், பத்து நிமிஷம் பேசிக்கொண்டு நின்றிருக்கிறார்கள். அவள் வீடு வந்து சேருவதற்குள் மூன்று பேர் வந்து என் மாமியாரிடம் சொல்லியாகிவிட்டது. செயின் கழன்ற கதையை அதில் ஒருவரும் சொல்லவில்லை. பையன் எந்தத் தெரு என்பதை மட்டும் மூன்று பேரும் மறக்காமல் சொன்னார்கள். ராத்திரி வீட்டில் ஒரே சத்தம். படிப்பை நிறுத்து, நல்ல இடமாகப் பார்த்து முடித்துவிடு என்றார் மாமியார். வீட்டுக்காரர் வாயே திறக்கவில்லை, உங்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்ற கவலை அவருக்கு.

அதுவரைக்கும் அவள் தினமும் அடுப்படியில் வந்து நின்று எல்லாம் சொல்லுவாள், எந்த டீச்சர் திட்டினார், யாரை யாருக்குப் பிடிக்கும், பஸ் ஸ்டாண்டில் எவன் வம்பு பண்ணினான் என்று. இப்போது ஒன்றும் சொல்வதில்லை. போனைக் கவிழ்த்து வைக்கிறாள். நாளைக்கு நிஜமாகவே ஒருவன் படத்தை வைத்துக்கொண்டு மிரட்டினால் என்னிடம் சொல்லுவாளா? ஊர்க்கண் பிள்ளைக்குக் காவல் என்கிறீர்கள். என் வீட்டில் அது அவளுக்கு மறைக்கத்தான் கற்றுக்கொடுத்திருக்கிறது.

ஊர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நடவுக்குப் போன நாட்களில் அவளுக்குச் சோறு போட்டது பக்கத்து வீடு, அதை எப்படி மறப்பேன்?

ஆனால் பேச்சு அடங்கட்டும் என்று 17 வயதில் ஒரு பெண்ணைக் கட்டிக்கொடுத்ததும் இதே ஊர்தான். 2006-ஆம் வருஷச் சட்டப்படி பெண்ணுக்கு 18, பையனுக்கு 21 ஆகாமல் செய்துவைத்தால் பெற்றவர்கள் மேலும் நடத்திவைத்தவர்கள் மேலும் வழக்கு வரும். பிள்ளைகளுக்கான உதவி எண் 1098-க்கு ஒரு போன் போட்டிருக்கலாம். நான் போடவில்லை, அந்தப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டேன், அது இன்னும் தொண்டையில் நிற்கிறது. அரசுப் பள்ளியில் படித்த பிள்ளை, காலேஜ் போயிருந்தால் மாதம் 1,000 ரூபாய் கையில் வந்திருக்கும். 2022-ல் தொடங்கிய அந்தத் திட்டத்துக்கு யார் பெயர் தெரியுமா? பக்கத்து மூவலூரில் வளர்ந்த இராமாமிர்தம் அம்மையார் பெயர். பெண்பிள்ளைகளைக் கோயிலுக்கு நேர்ந்துவிடுகிற பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க ஊர் ஊராகப் போய்ப் பேசியவர், 1947-ல் அதைத் தடுக்கச் சட்டமே வந்தது. அதுவும் ஒரு காலத்தில் வழக்கம்தானே.

அப்புறம் பையன்கள். அதே மதகில் இருட்டியதும் உட்கார்ந்து குடிக்கிறார்கள், அதில் பிளஸ் டூ படிக்கிற பிள்ளைகளும் உண்டு. அதை யாரும் அவரவர் வீட்டில் போய்ச் சொன்னதாகத் தெரியவில்லை, கேட்டால் வயசு அப்படி என்கிறீர்கள். அவர்களைப் பெற்றவர்களும் தூங்காமல்தான் கிடக்கிறார்கள்.

தீமிதிக்குக் கூட்டம் போடப்போகிறீர்கள். அதில் எந்தப் பிள்ளையின் பெயரையும் எடுக்காதீர்கள். யாரைப் பற்றியாவது மனசுக்குச் சரியாகப் படவில்லை என்றால் பெற்றவர்களிடம் தனியாக வந்து சொல்லுங்கள். என்னிடம் வந்தால் மோர் கொடுத்து உட்காரவைத்துக் கேட்பேன். ஆனால் முதலில் அவளிடம் என்ன நடந்தது என்று விசாரித்துவிட்டுத்தான் உங்களுக்குப் பதில் சொல்லுவேன்.

செயினை மாற்றிக் கொடுத்துவிட்டேன். அவள் திங்கட்கிழமையும் அந்த மதகு வழியாகத்தான் வருவாள்.